புதுப்பிப்பு: ஸ்ட்ரிப் கிளப்பில் புதிதாக ஆடப் போகிறவர்களுக்கு

அமெரிக்க கிளப்களில் முதல் ஷிஃப்ட் பற்றிய என் பதிவில் ஹவுஸ் ஃபீ, அதாவது ஆடுவதற்கு நாம் கிளப்புக்குக் கட்டும் பணம், எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். கிளப்புக்குக் கிளப், கிழமைக்குக் கிழமை மாறும். வாஷிங்டன் மாநிலத்தில் 2024 சட்டப்படி உச்சவரம்பு உண்டு: எட்டு மணி நேரத்துக்கு 150 டாலர் அல்லது அந்த நேரத்தில் டிப் நீங்கலாக வந்த வருமானத்தில் 30%, எது குறைவோ அது. மற்ற ஊர்களில் சேருமுன்பே கேட்டுவிடுங்கள். டிஜே, பவுன்சருக்கான டிப் தனிக்கணக்கு. அதைச் சொல்லாமல் விடுவார்கள்.

ஆடும் நாளில் லோஷன், எண்ணெய் கூடவே கூடாது. போலில், அதாவது ஆடும் கம்பத்தில், ஒட்டி, அடுத்து ஏறுகிறவரையும் வழுக்கிவிடும். ஏறுமுன் கம்பத்தை ரப்பிங் ஆல்கஹாலால் துடையுங்கள். கம்பம் சுழலுமா, நிலையானதா என்று கையால் தள்ளிப் பாருங்கள்.

கிளப்பின் ஊழியராக இல்லாமல் ஒப்பந்தக்காரராகச் சேர்ந்தால் சுயதொழில் வரி 15.3%, வருமான வரி அதற்கு மேல். ஹவுஸ் ஃபீ ரசீதை வைத்திருங்கள், செலவாகக் கழிக்கலாம்.