ஜோனி மிட்செலின் கிடார்: கேட்டவர்களின் அனுபவப் பகிர்வு

பாஸ்டனிலிருந்து

கனடாவில் பிறந்த பாடகி ஜோனி மிட்செல் என்று பேச்செடுத்தால் எல்லோரும் அவருடைய வரிகளுக்குப் போய்விடுகிறார்கள்; இல்லையென்றால் குரலுக்கு. இரண்டையும் நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தப் பாட்டுகள் பிறந்த இடம் கிடார் கம்பிகள்தான் என்பது என் தீர்மானமான கருத்து. கம்பிகளுக்கு அவர் வைத்த சுருதியே பாதிப் பாட்டு. அவர் வாசித்ததை நேரில் கேட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். மற்றவர்களும் தொடருங்கள்.

2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவின் கடைசி நிகழ்ச்சி. ரோட் ஐலண்டில் கடலை ஒட்டியிருக்கும் ஃபோர்ட் ஆடம்ஸ் கோட்டை வளாகம். வெயில் கொளுத்தியது. நிகழ்ச்சி நிரலில் பாடகி பிராண்டி கார்லைலின் பெயரில் ‘பிராண்டி கார்லைல் மற்றும் நண்பர்கள்’ என்று மட்டுமே போட்டிருந்தது. மேடையில் வீட்டுக் கூடத்தில் போடுவது போல இருக்கைகளைப் போட்டிருந்தார்கள். ஜோனி உள்ளே வந்தபோது எழுந்த சத்தத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. 1969க்குப் பிறகு அந்த விழா மேடையில் அவர் பாடியது அன்றுதான். 2015இல் மூளை ரத்தநாளம் பாதிக்கப்பட்டு, நடக்கவும் பேசவும் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டவர். வயது 78.

அவர் பாடியதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ‘போத் சைட்ஸ் நவ்’ பாடும்போது பின்னால் உட்கார்ந்திருந்த கன்ட்ரி பாடகி வைனோனா ஜட் கண்ணீர் விட்டது காணொளியிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, கிடாருக்கு வருகிறேன்.

நடுவில் அவர் எழுந்து நின்றார். எலக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டார். 1974இல் வந்த ‘கோர்ட் அண்ட் ஸ்பார்க்’ ஆல்பத்திலுள்ள ‘ஜஸ்ட் லைக் திஸ் டிரெயின்’. பாடவில்லை, வாசிப்பு மட்டும். மற்றவர்கள் அடங்கிய சத்தத்தில் கூடவே வந்தார்கள். முதல் சில சுரங்களில் விரல்கள் இடத்தைத் தேடுவது எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு வலது கை தன் வேலையை எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் கீழே கனமாக விழுகிறது, மற்ற விரல்கள் மேல்கம்பிகளைக் கொத்தாக இழுக்கின்றன, இடையில் ஒரு நொடி விட்டுப்பிடிக்கிற அந்தப் பழைய நடை. ரெக்கார்டில் எத்தனையோ முறை கேட்ட நடை அது. வேறு யார் அந்தப் பாட்டை வாசித்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன், இவர் இல்லை என்று. என் தொண்டை அடைத்துக்கொண்டது.

பிறகு ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார்: விரலை எங்கே வைப்பது என்பதைத் தம் பழைய காணொளிகளைப் பார்த்துத்தான் திரும்பக் கற்றுக்கொண்டாராம். இதன் கனம் புரிய வேண்டுமென்றால் அவருடைய சுருதி விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மற்ற கிடார் கலைஞர் யாராக இருந்தாலும், மறந்துபோனால் புத்தகத்தைத் திறந்து கார்ட் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) படங்களைப் பார்க்கலாம். இவருக்கு அந்த வழி கிடையாது. இவர் கம்பிகளையே வேறு மாதிரி கட்டியவர்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1943இல் பிறந்தவர்; வளர்ந்தது பெரும்பாலும் சஸ்காட்சுவான் சமவெளியில். ஒன்பது வயதில் போலியோ. கிடார் வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, அது மலைநாட்டுக் கன்ட்ரி பாட்டுக்காரர்களின் வாத்தியம் என்று அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் முதலில் யுகுலேலேதான் கிடைத்தது. பிறகு நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரின் பயிற்சி ரெக்கார்டை வைத்துக் கிடாரைத் தாமே கற்றார். போலியோ அவருடைய இடது கையை வலுவிழக்கச் செய்திருந்தது. வழக்கமான சுருதியில் சிக்கலான கார்ட்களை அழுத்திப் பிடிக்க அந்தக் கைக்குத் தெம்பில்லை. அவர் மனதுக்குள் கேட்டதோ சிக்கலான கார்ட்கள்தான். கை வளையாது என்றால் கம்பியை வளைப்போம் என்று, கம்பியை முறுக்கும் பிருடையைத் திருகினார். அழுத்தாமல் மீட்டினாலே கார்ட் ஒலிக்கும் திறந்த சுருதிகளை அவருக்கு முதலில் காட்டிக்கொடுத்தவர் பாடகர் எரிக் ஆண்டர்சன். அங்கிருந்து கிளம்பியவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதிகளை உருவாக்கிவிட்டார்.

கிடார் தெரியாதவர்களுக்காக ஒன்று. வழக்கமான கிடாரில் ஆறு கம்பிகளையும் அழுத்தாமல் மீட்டினால் அது எளிய கார்ட் எதிலும் சேராத ஓசை. திறந்த டி சுருதியில் (டி என்பது மேற்கத்திய சுரப் பெயர்) தடித்த கீழ்க்கம்பியிலிருந்து வரிசையாக ச, ப, மேல் ச, அந்தர காந்தாரம், ப, ச. அதாவது தம்பூராவே கையில் இருக்கிறது. அதன்மேல் ஒரு விரலோ இரண்டு விரலோ வைத்தால் போதும், நிறம் மாறிவிடும். ஆனால் ஜோனி இந்த இனிமையோடு நிற்கவில்லை. 1976இல் வந்த ‘ஹெஜிரா’ ஆல்பத்தின் ‘கயோட்டி’ பாட்டுக்கு அவர் வைத்த சுருதி சி, ஜி, டி, எஃப், சி, ஈ. இது முடிந்துபோன கார்ட் இல்லை. எங்கேயோ போய்ச் சேர வேண்டியது பாதி வழியில் நிற்பது போன்ற ஓசை. நெடுஞ்சாலைப் பயணத்தைப் பாடும் பாட்டுக்கு வேறென்ன வேண்டும்? அதனால்தான் சொல்கிறேன், அவருடைய வரி பேச ஆரம்பிப்பதற்கு முன்பே கம்பி பேசிவிடுகிறது.

நியூ ஜெர்சியிலிருந்து

நண்பர் எழுதியதில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. மேடையில் இந்தச் சுருதிகள் அவரைப் படுத்திய பாடு.

ஐம்பது சுருதி என்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் கம்பியைத் திருக வேண்டும். தளர்த்திய கம்பி உடனே நிலைக்காது. பாதிப் பாட்டில் நழுவும். மேடை விளக்குச் சூடு வேறு. ஆரம்ப காலத்து ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள், சுருதி சேர்த்துக்கொண்டே கூட்டத்தோடு பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சே கச்சேரியில் ஒரு அங்கம். ஆனால் அதைக் காதுகொடுத்துக் கேட்கப் பொறுமையான சின்ன அரங்கம் வேண்டும். 1970இல் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவு விழாவில் லட்சக்கணக்கான கூட்டத்துக்கு முன்னால் தனி ஆளாக நின்று, நடுவில் ஒருவர் மேடையேறிக் கலாட்டா செய்து, கண்ணீரோடு அந்தக் கூட்டத்தைப் பார்த்து மரியாதை கேட்டாரே, அந்தப் படத்தை நான் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். அத்தனை இரைச்சலில் ஒரு மனிதர் கம்பியைக் காதால் எப்படிச் சேர்ப்பார்?

தம் சுருதிகள் அவருக்கே மறந்துபோவதும் உண்டு. புகைப்படக் கலைஞரான ஜோயல் பெர்ன்ஸ்டீன் அவருக்குக் கிடார் பொறுப்பாளராகவும் இருந்தவர். எந்தப் பாட்டுக்கு எந்தச் சுருதி என்று குறித்துவைத்துப் பாதுகாத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய பாட்டை எடுக்கும்போது ஜோனி அவரிடம்தான் போவாராம். இசைக் குறிப்பு எழுதத் தெரியாதவரின் இசையை இப்படி ஒருவர் பக்கத்திலிருந்து காப்பாற்றியதற்கு நாமெல்லாம் நன்றி சொல்ல வேண்டும்.

நான் அவரைக் கேட்டது 1998இல், பாப் டிலனோடு சேர்ந்து அவர் ஊர் ஊராகப் போன சுற்றுப்பயணத்தில். அப்போது அவர் கையில் இருந்தது ரோலண்ட் நிறுவனத்தின் விஜி-8 கருவியோடு இணைத்த எலக்ட்ரிக் கிடார். கம்பிகள் வழக்கமான சுருதியிலேயே இருக்கும். ஒலி வெளியே வரும்போது கருவி அதை அவர் கேட்ட சுருதிக்கு மாற்றிவிடும். திருகும் வேலையே கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் இந்தச் சுருதித் தொல்லையாலேயே மேடையை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தவரை இந்தக் கருவிதான் திரும்ப இழுத்துவந்தது.

ஒலி எப்படி இருந்தது என்று கேட்டால், மரக் கிடாரின் சூடு இல்லை. கொஞ்சம் கண்ணாடித் தன்மை. அதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது அறையின் வெளிச்சமே மாறியது போல இருந்தது. பக்கத்தில் கிரெக் லைஸ் பெடல் ஸ்டீல் வாசித்தார். கன்ட்ரி இசையின் அழுகையெல்லாம் அந்த வாத்தியத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஜோனியின் கார்ட்களுக்கு நடுவே அது அழவில்லை, மேகம் மாதிரி நின்றது. டிரம்ஸில் பிரையன் பிளேட், தொடாமல் தொட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குழுவை அப்படியே பார்க்க ஆசைப்பட்டால் அதே ஆண்டு படமாக்கிய ‘பெயின்டிங் வித் வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்’ நிகழ்ச்சியைத் தேடிப் பாருங்கள்.

டொராண்டோவிலிருந்து

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் அவர் கால்பட்ட இடங்கள் இருக்கின்றன. யார்க்வில் அவென்யூ 134ஆம் எண்ணில் ரிவர்போட் என்ற காபிக் கடை இருந்தது. அறுபதுகளில் அவர் அங்கே பாடியிருக்கிறார். இப்போது அந்தத் தெரு முழுக்க விலையுயர்ந்த கடைகள். முதன்முதலில் டொராண்டோ வந்தபோது இசைக்கலைஞர் சங்கத்துக்குக் கட்டப் பணமில்லாமல் துணிமணி விற்கும் பெரிய கடையில் வேலை பார்த்தார் என்பதை நினைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடப்பேன். இங்கே வந்திறங்கிய நம் ஆட்கள் எத்தனையோ பேருக்கு அந்த முதல் வருடம் எப்படியிருக்கும் என்பது தெரியும்.

என் மகளுக்குக் கை சின்னது. வகுப்பில் எஃப் கார்டைப் பிடிக்கச் சொல்லிச் சொல்லி, விரல் நுனி சிவந்து, கிடாரை மூலையில் வைத்துவிட்டாள். ஒரு நாள் இங்குள்ள திறந்த மேடை நிகழ்ச்சியில் வயதான பெண்மணி ஒருவர் ‘தி சர்க்கிள் கேம்’ பாடினார். அவருடைய இடது கை ஏறக்குறைய சும்மா இருப்பதை மகள்தான் முதலில் கவனித்தாள். முடிந்ததும் போய்க் கேட்டோம். அந்த அம்மா உட்காரவைத்துக் காட்டினார்: ஆறாவது (தடித்த கீழ்க்கம்பி), ஐந்தாவது, முதல் கம்பிகளை ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கினால் திறந்த ஜி. நான்காவது ஃபிரெட்டில் (வீணையின் மெட்டு போன்றது) கேப்போ, அதாவது கம்பிகளைக் குறுக்கே அழுத்தும் கவ்வி. ஒரு விரலைக் குறுக்கே வைத்தால் ஒரு முழுக் கார்ட். “அவளுக்கும் கை முடியாதுதான், கண்ணே” என்ற பொருள்பட ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். மகள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, பாஸ்டன் அண்ணா. ‘கயோட்டி’ சுருதியை வைத்துப் பார்த்தோம். கீழ்க்கம்பி தொளதொளவென்று அடித்துக்கொள்கிறது. அவர் எப்படிச் சமாளித்தார்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பாஸ்டனிலிருந்து

உங்கள் மகளுக்கு என் அன்பு, தங்கை. நல்ல வாத்தியார் கிடைத்திருக்கிறார்.

கீழ்க்கம்பியை ஈயிலிருந்து சிக்கு இறக்கினால் இரண்டு முழுச் சுரம் தளர்கிறது. மெல்லிய கம்பி அடிக்கத்தான் செய்யும். கம்பித் தொகுப்பில் ‘மீடியம்’ வாங்குங்கள். அதில் முதல் கம்பி 0.013 அங்குலம், ஆறாவது 0.056. பிக்கை (மீட்டும் சின்னத் துண்டு) வைத்து ஓங்கி அடிக்காமல் கட்டைவிரல் சதையால் மீட்டினால் பாதி அதிர்வு அடங்கிவிடும். பாடம் முடிந்தபின் கிடாரை வழக்கமான சுருதிக்கு ஏற்றும்போது மெதுவாக ஏற்றுங்கள். அவசரப்பட்டால் கம்பி அறும்.

சுருதியைக் குறித்துவைக்க ஜோனியின் முறையையே மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆறாவது கம்பியின் சுரத்தை மட்டும் பெயரால் எழுத வேண்டும். அடுத்த கம்பிக்கு, முந்தின கம்பியின் எந்த ஃபிரெட்டை அழுத்தினால் அதே ஓசை வருகிறதோ அந்த எண். வழக்கமான சுருதி ஈ 55545. உங்கள் மகளின் திறந்த ஜி, டி 57543. ‘கயோட்டி’, சி 77374. ‘அமீலியா’, சி 75435. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டால் ட்யூனர் கருவியே வேண்டாம், காது போதும். எண்கள் ஒன்றாக இருந்து முதல் எழுத்து மட்டும் மாறினால், குடும்பம் அதேதான். குரலுக்கு ஏற்ப மேலேயோ கீழேயோ நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பல வருடங்களில் அவர் குரல் இறங்க இறங்க, சுருதியும் கூடவே இறங்கியதை நீங்கள் இப்படித்தான் பின்தொடர முடியும். ஏதாவது ஒரு பழைய பாட்டின் 1970 பதிவையும் பிற்காலப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள், பெண்ணே கண்டுபிடித்துவிடுவாள்.

‘கயோட்டி’யில் இடது கை பெரும்பாலும் ஒரே வடிவத்தில் மேலும் கீழும் நகர்கிறது. சிரமமெல்லாம் வலது கையில்தான். முதலில் தாளத்தை மட்டும், கம்பிகளை உள்ளங்கையால் அடக்கிக்கொண்டு, பாட்டோடு சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். அது வந்த பிறகு விரல் வைக்கலாம்.