வீட்டை வீடியோ போட்டு விற்பது: தரகருக்குப் பிழைப்பா, தலைவலியா?

ஊரப்பாக்கம் தரகர்:
தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே பதினெட்டு வருடமாகத் தரகு வேலை. டீக்கடைப் பழக்கம், சுவரில் ஒட்டிய நோட்டீஸ், ஒரு பழைய ஸ்கூட்டர், இவ்வளவுதான் என் முதலீடு. முன்பு என் பின்னால் உட்கார்ந்து சைட் காட்ட வந்த பையன் இப்போது யூடியூபில் வீடியோ போட்டே பார்ட்டி பிடிக்கிறான். நானும் தொடங்கலாமா? இரண்டு பயம். தெருவைப் பார்த்ததும் ஆள் நேராக ஓனரிடம் போய்விட்டால் என் கமிஷன் கோவிந்தா. அப்புறம், பார்க்கிறவன் எல்லாம் வாங்குகிறவனா?

மடிப்பாக்கம் மனைக்காரன்:
தாராளமாகத் தொடங்குங்கள் அண்ணே. நான் நாலு வருடமாகப் போடுகிறேன். பாட்டு, ட்ரோன், 'வணக்கம் மக்களே' எதுவும் கிடையாது. மெயின் ரோட்டில் போனை ஆன் செய்தால் வீட்டு வாசல் வரை நடந்தே போவேன், நடுவில் வெட்ட மாட்டேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்து காட்டுவேன். டேப்பை வைத்து அறையை அளப்பேன். விலையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவேன். துபாயிலிருந்து ஒருவர் இதை மட்டும் பார்த்து டோக்கன் அட்வான்ஸ் போட்டார். அவருடைய மாமனார்தான் நேரில் வந்து பார்த்தார்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் வாங்க மாட்டார்கள், சரி. ஆனால் கிழக்கு வாசல்தான் வேண்டும் என்பவரும் பட்ஜெட் எட்டாதவரும் வீடியோவிலேயே கழன்றுகொள்வார்கள். முன்பு ஒரு வீட்டுக்கு முப்பது பேரைக் கூட்டிப்போன எனக்கு இப்போது ஐந்தாறு பேர் போதும். மிச்சமாகிற பெட்ரோலைக் கணக்குப் போடுங்கள்.

ஏமாந்த சோணகிரி:
உங்களைப் போல டேப் பிடிக்கிறவர் பத்தில் ஒருவர் இருப்பாரா? என் கதையைக் கேளுங்கள். அகலமான லென்ஸில் எடுத்த வீடியோவில் படுக்கையறை கல்யாண மண்டபம் மாதிரி தெரிந்தது. நேரில் 10க்கு 9. கட்டிலைப் போட்டால் பீரோக் கதவு பாதிதான் திறக்கிறது. 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்' என்றார்கள், ட்ரோன் பறக்கிற நேரத்தைச் சொன்னார்கள் போல. லீவு போட்டு மூன்று முறை அலைந்தேன். வீடியோ தரகருக்குப் பெட்ரோலை மிச்சப்படுத்தலாம், எனக்கு இரட்டிப்பாக்கியது.

பழைய கட்சி:
நானும் தரகன்தான். ஒரு கூத்தைச் சொல்கிறேன். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் காலி செய்வதற்குள் ஒரு ஆள் கேமராவோடு நுழைந்துவிட்டார். பூஜை அறை, மாடிக் கொடியில் காயும் துணி, பையனின் ஸ்கூல் பை எல்லாம் ஊருக்கே தரிசனம். அந்த அம்மா போட்ட சத்தத்தில் ஓனரே பயந்து விற்பனையை ஆறு மாதம் தள்ளிவைத்தார். நம் தொழில் வாய்ச்சொல்லிலும் முகத்திலும் ஓடுகிறது. 'அவர் சொன்னால் சரியாக இருக்கும்' என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அதை எந்த லைக் கொடுக்கும்?

பத்திர எழுத்தர்:
சண்டையில் ஒன்றை மறந்துவிட்டீர்கள். வீடியோவும் விளம்பரம்தான். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது மனைப்பிரிவை ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதியாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பில்டரோ புரமோட்டரோ தரும் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணைய இணையதள முகவரியும் தெரியும்படி இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மனையை விற்றுத்தரும் தரகரும் தனியாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், உச்சவரம்பு சொத்தின் விலையில் 5 சதவீதம். தனி ஆள் தன் பழைய வீட்டை விற்பது வேறு கணக்கு.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று பெருமையாகச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அது முறையான மனை அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிய 2016இல் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது எங்கள் அலுவலகத் திண்ணையில் எத்தனை பேர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? வாயால் சொன்ன பொய் காற்றோடு போகும். வீடியோவில் சொன்னது சாட்சியாக நிற்கும்.

மடிப்பாக்கம் மனைக்காரன்:
அது எனக்குச் சாதகமான வாதம் சார்! பொய் சொன்னால் மாட்டுவோம் என்கிற பயம் இருப்பதால்தான் வீடியோவை நம்புகிறார்கள். பழைய கட்சி அண்ணன் சொன்ன கூத்து கேமராவின் தப்பா? கேட்காமல் நுழைந்தவன் தப்பு. காலி வீட்டை எடுங்கள், இல்லையா, குடியிருப்பவரிடம் கேட்டு எடுங்கள்.

ஓனரிடம் நேராகப் போய்விடுகிறார்களே என்ற பயத்துக்கு என் வழி: படம் பிடிக்கும் முன்பே ஓனரிடம் கமிஷனை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். தர மறுக்கிறவர் வீட்டை எடுப்பதில்லை. லென்ஸ் விஷயத்தில் சோணகிரி சொல்வது நியாயம். நானும் முதல் வருடம் அப்படி எடுத்தவன்தான்.

பழைய கட்சி:
தாளில் எழுதச் சொன்னால் எங்கள் பக்கத்து ஓனர்கள் 'என் மேல் நம்பிக்கை இல்லையா?' என்று அடுத்த தரகரைக் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டுக்கு நடுவில் நாலு தரகர் நிற்கும் ஊர் இது. உங்கள் வீடியோவை டவுன்லோடு செய்து, தன் நம்பரை ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறவனை என்ன செய்வீர்கள்?

மடிப்பாக்கம் மனைக்காரன்:
இரண்டு முறை நடந்திருக்கிறது. அதனால்தான் முகத்தைக் காட்டி, குரல் கொடுத்து எடுக்கிறேன். நம்பரை மாற்றலாம், மூஞ்சியை மாற்ற முடியாதே.

ஊரப்பாக்கம் தரகர்:
சரி, நேற்று மகனோடு போய் முடிச்சூரில் ஒரு வீட்டை எடுத்தேன். நல்ல வீடு, விலையும் நியாயம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய கறையை ஓனர் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார். ஆனால் கரண்ட் மீட்டரை ஆள் உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார். அது வீடியோவில் நன்றாகவே விழுந்திருக்கிறது. மகன் வெட்டிவிடலாம் என்கிறான். வெட்டவா, விடவா?

பழைய கட்சி:
வெட்டிவிடுங்கள். நேரில் வருகிறவரிடம் நீங்களே வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

ஏமாந்த சோணகிரி:
விடுங்கள் ஐயா. வெட்டாமல் போட்டால் முதல் போன் என்னுடையது.