புதுப்பிப்பு: மரில்லியனா, ஐக்யூவா?

1988-இல் பாடகர் ஃபிஷ் விலகியதோடு பிரிட்டிஷ் ராக் குழுவான மரில்லியன் முடிந்துவிட்டது, நியோ-புரோகிரெசிவ் ராக்கில் (நீண்ட, பல பகுதிகள் கொண்ட பாடல்களைக் கட்டும் ராக் வகை) அதன்பின் இன்னொரு பிரிட்டிஷ் குழுவான ஐக்யூவே முதலிடம் என்று என் முந்தைய இழையில் எழுதியிருந்தேன். பலரும் மறுத்ததால், மரில்லியனில் புதிய பாடகராக ஸ்டீவ் ஹோகார்த் சேர்ந்த பிறகு 1989-இல் வந்த ‘சீசன்ஸ் எண்ட்’ தொகுப்பைப் பொறுமையாகக் கேட்டேன். ‘ஈஸ்டர்’ பாடலில் ஸ்டீவ் ராதரி ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து நிறுத்தி வாசிக்கும் கிட்டார் பகுதியும், அதையடுத்து தாளமே மாறிப் பாடல் வேறொரு திசையில் நகரும் இடமும் என் தீர்ப்பின் பாதியைத் திரும்பப் பெற வைத்தன. 1994-இல் வந்த ‘பிரேவ்’ மீதிப் பாதியையும் அசைத்துவிட்டது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாடகர் போனால் குழு போயிற்று என்ற அளவுகோலை ஐக்யூவுக்கு நான் பயன்படுத்தவே இல்லை. அதன் பாடகர் பீட்டர் நிக்கோல்ஸ் விலகியிருந்த காலத்தில் பால் மெனல் பாடிய இரண்டு தொகுப்புகளை வசதியாக மறந்துவிட்டு, நிக்கோல்ஸ் திரும்பிவந்து பாடிய, 1993-இன் ‘எவர்’ தொகுப்பை மட்டும் சான்றாகக் காட்டியிருந்தேன்; அது நியாயமில்லை. ஆயினும் இருபது நிமிடப் பாடலைத் தொய்வில்லாமல் கட்டுவதில் ஐக்யூவை மிஞ்ச ஆளில்லை என்பதில் எனக்கு மாற்றமில்லை. இதே வகை இசைக்குழுவான பெண்ட்ராகனின் ரசிகர்களுக்கு அடுத்த வாரம் பதில் எழுதுகிறேன்.