14 வருஷம் ஒரே ப்ராஜெக்ட், அப்புறம் ஒரு இன்டர்வியூ. உங்க அனுபவமும் சொல்லுங்க

2003ல ஜாவாங்கிற ப்ரோகிராமிங் மொழில ஆரம்பிச்சேன், ஸ்ட்ரட்ஸ்ங்கிற வெப் ஃப்ரேம்வொர்க் காலம். ஒரே க்ளையன்ட், ஒரே ப்ராஜெக்ட், அப்படியே 14 வருஷம் ஓடிருச்சு. 2017ல அது முடிஞ்சதும் இன்டர்வியூ போனேன், ஆர்டர் லிஸ்ட்டை கஸ்டமர் வாரியா பிரிச்சுக் கூட்டணும்னு கேட்டாங்க, நான் ஹேஷ்மேப் (ஒவ்வொரு பேருக்கும் ஒரு மதிப்பு சேர்த்து வைக்கிறது) வச்சு, ஆர்டரை ஒவ்வொண்ணா எடுத்து ஃபார் லூப்ல எழுதிட்டேன், விடையும் சரி. "சார், இதையே ஸ்ட்ரீம்ல எழுத முடியுமா"ன்னு அந்தப் பையன் மரியாதையாத்தான் கேட்டான். எனக்கு ஒரு வரி வரல. ஸ்ட்ரீம்னா லூப் எழுதாம லிஸ்ட்டைப் பிரிச்சுக் கூட்டுற வழி, ஜாவா 8ல வந்தது. ஜாவா 8 வந்தது 2014 மார்ச்லயே, ஆனா எங்க சர்வர்ல கடைசி வரைக்கும் ஜாவா 6தான், தேவைப்படாததால நான் தொடவே இல்ல. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

வீடியோ நிறைய பார்த்தேன், பார்க்கும்போது எல்லாம் புரியும், மறுநாள் எடிட்டரைத் திறந்தா கை ஓடாது. அப்புறம்தான் அம்மாவோட சீட்டுக் கணக்குக்கு நானே 2009ல எழுதுன சின்ன வெப் அப்ளிகேஷனை எடுத்தேன், ராத்திரிக்கு ஒரு மெத்தட்னு (ப்ரோகிராம்ல ஒரு சின்னப் பகுதி) புது ஜாவால திருப்பி எழுதுனேன். அதுல தேதியை எழுத்தா மாத்துற பழைய சிம்பிள்டேட்ஃபார்மட்டை ஸ்டாட்டிக்கா, அதாவது எல்லாருக்கும் பொதுவா ஒண்ணே ஒண்ணா வச்சிருந்தேன், ரெண்டு பேர் ஒரே நேரத்துல பார்த்தா தவணைத் தேதி மாறிமாறி வரும், ஏன்னு அப்ப தெரியாம சிங்க்ரனைஸ்டு (ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ள வரலாம்னு பூட்டுறது) போட்டு அடக்கி வச்சிருந்தேன். பழையதை ரெண்டு பேர் ஒரே நேரத்துல தொட்டா உள்ள இருக்கிறது கலைஞ்சிடும், அதுதான் காரணம். ஜாவா 8ல இருக்கிற டேட்டைம்ஃபார்மேட்டர் உருவாக்குனப்புறம் மாறவே மாறாது, ஒரே நேரத்துல எத்தனை த்ரெட் (ப்ரோகிராம்ல பக்கத்துப் பக்கத்துல ஓடுற வேலை) தொட்டாலும் ஒண்ணும் ஆகாது. எட்டு வருஷம் கழிச்சு காரணம் புரிஞ்சப்ப வந்த சந்தோஷம் இருக்கே! நாலு மாசத்துல அடுத்த வேலை கிடைச்சது.

---

அண்ணா, எனக்கும் இதே கதைதான். கோயம்புத்தூர்ல மில்லுங்களுக்கு விபி6ல (விஷுவல் பேசிக் 6, மைக்ரோசாஃப்ட்டோட பழைய ப்ரோகிராமிங் மொழி) பேரோல், அதாவது சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிட்டு இருந்தேன். 2008 ஏப்ரல்ல மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை முடிச்சிட்டாங்க, ஆனா மில்லுல சாஃப்ட்வேர் நல்லா ஓடுச்சு, சம்பளமும் வந்துச்சு, அதனால மாறணும்னே தோணல. 2015ல வெளிய வந்தப்ப என்னைக் காப்பாத்துனது டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்கிற எஸ்க்யூஎல் மொழிதான். புது ஆபீஸ்ல ஒரு ரிப்போர்ட் வர ரெண்டு நிமிஷம் ஆச்சு, டேட்டாபேஸ் அதை எப்படித் தேடுதுன்னு காட்டுற ப்ளானைப் பார்த்தா டேபிள் முழுக்க ஸ்கேன் ஆகுது, எதைத் தேடணும்னு சொல்ற WHERE கண்டிஷன்ல தேதி நெடுவரிசையை (column) வருஷத்தை மட்டும் எடுக்கிற YEAR ஃபங்ஷனுக்குள்ள போட்டதால, சீக்கிரம் தேட வச்சிருக்கிற இன்டெக்ஸை எடுக்கவே இல்ல. "இந்தத் தேதியிலேர்ந்து இந்தத் தேதி வரை"ன்னு மாத்தி எழுதுனேன், ரெண்டு செகண்ட்ல வந்துச்சு. அதுக்கப்புறம் அங்க இருந்த பசங்களே பக்கத்துல உக்காந்து எனக்கு பைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க, நான் அவங்களுக்கு க்வெரி சொல்லிக்கொடுத்தேன்.

---

சூப்பர்மா. தேதி நெடுவரிசை விஷயம் எங்க டீம்லயும் போன மாசம் வந்துச்சு. இப்ப சீட்டு அப்ளிகேஷனை ஜாவா 21க்கு ஏத்திட்டு இருக்கேன், அதுல இருக்கிற விர்ச்சுவல் த்ரெட் (ஆயிரக்கணக்குல போட முடியற இலகுவான த்ரெட்) பார்க்கணும்னு ஆசை. நிஜ யூசர்கள் இருக்கிற ப்ரொடக்ஷன்ல யாராச்சும் போட்டிருக்கீங்களா, டேட்டாபேஸ் கனெக்ஷன் பூலை (திறந்தே வச்சுப் பகிர்ந்துக்கிற கனெக்ஷன்கள்) எப்படி வச்சிருக்கீங்க?