திருத்தும் ஹோல்டர்: மாலையில் 2 மைக்ரான், காலையில் 22. எங்கே தவறு?

கணபதி_விஎம்சி
வணக்கம். கோவையில் சிறிய பட்டறை, வார்ப்பிரும்புப் பம்ப் உறை வேலை. மெஷினின் ஸ்பிண்டில் (கருவியைச் சுழற்றும் தண்டு) பிடி40 வகை; அதன் டேப்பரில், அதாவது கூம்புத் துளையில், ஹோல்டர் உட்காரும். உறையில் 12 மி.மீ. எச்7 துளை (எச்7 என்பது துளைக்கான அளவு வரம்பு); அதை இறுதி அளவுக்குச் சீவுவது கார்பைடு ரீமர். காலெட் என்ற பிடிப்பு வளையத்தில் பிடித்தபோது ரீமர் 35 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆடியது. துளை 12.030 வரை போய்விடும். சரியான துளையில் நுழையவே கூடாத நோ-கோ கேஜ் தானாகவே உள்ளே இறங்கும். மேல்வரம்பு 12.018தான்.

முதலாளியிடம் கெஞ்சி, ரன்அவுட்டை, அதாவது இந்த ஆட்டத்தை, திருத்தும் ஹோல்டர் வாங்கினோம். விளிம்பைச் சுற்றி நான்கு திருகு இருக்குமே, அந்த வகை. வெள்ளி மாலை ஆட்டத்தை அளக்கும் டயல் வைத்து 2 மைக்ரானுக்குக் கொண்டுவந்தேன். துளை 12.008 வந்தது. இரவு ஷிப்டில் வேறு வேலைக்காகக் கழற்றியிருக்கிறார்கள். காலையில் மாட்டினால் 22! திருகு எதுவும் தளரவில்லை, ரீமரையும் யாரும் தொடவில்லை. கொடுத்த பணம் வீணா?

டூல்ரூம்_பெரியவர்
அவசரப்பட்டுத் திருகில் கை வைக்காதீர்கள் தம்பி. முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். டயலை ரீமரின் தண்டில் வைத்தீர்களா, வெட்டுப் பற்களிலா? ஹோல்டர் முகத்துக்கு அருகில் எவ்வளவு, அதற்கு 60 மி.மீ. கீழே எவ்வளவு? இரவு ஷிப்டில் கழற்றியது தானாகக் கருவி மாற்றும் மேகசின் வழியாகவா, கையாலா?

லேத்_மணி
இத்தனை பாடு எதற்கு? மிதக்கும் ரீமர் ஹோல்டர் ஒன்று போடுங்கள். அதுவே துளையைத் தேடிக்கொள்ளும்.

டூல்ரூம்_பெரியவர்
மணி, உங்கள் டரெட் லேத்துக்கு அது சரி. துளையின் மையமும் ஸ்பிண்டில் மையமும் விலகியிருக்கும்போது மிதக்கும் ஹோல்டர் கைகொடுக்கும். இங்கே ரீமரே தன் அச்சில் சுற்றவில்லை. தள்ளாடுகிறவனை ஊஞ்சலில் உட்கார வைத்தால் நேராகிவிடுவானா?

கணபதி_விஎம்சி
ஐயா, தண்டில்தான் வைத்தேன். மேலே 22, 60 மி.மீ. கீழே 23. ஹோல்டரைக் கையால் கழற்றி, கையால்தான் மாட்டினோம்.

டூல்ரூம்_பெரியவர்
பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் ரீமர் சாயவில்லை, இணையாக ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. சாய்வாக இருந்தால் கீழே போகப் போக ஆட்டம் வளரும்; அதை இந்த நான்கு திருகால் திருத்த முடியாது, கோணம் திருத்தும் திருகும் உள்ள ஹோல்டர் வேண்டும்.

இனி முக்கியமானது. பிடி40 ஹோல்டரில் ஸ்பிண்டிலின் சாவிகள் பொருந்தும் பள்ளம் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அதனால் கையால் மாட்டும்போது இரண்டு விதமாகப் பொருந்தும், 180 பாகை வித்தியாசத்தில். நீங்கள் மெஷினிலேயே வைத்துத் திருத்தியபோது ஹோல்டரின் குறையோடு ஸ்பிண்டிலின் குறையும் சேர்ந்தே நீங்கியது. திருப்பி மாட்டினால் ஸ்பிண்டிலின் குறை ஒருமுறை அல்ல, இருமுறை கூடும். 22 என்றால் ஸ்பிண்டில் பக்கம் மட்டும் சுமார் 11. கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள்.

கணபதி_விஎம்சி
திருப்பி மாட்டினேன். 2 மைக்ரான்! இரவு ஷிப்டு தம்பியை வீணாகத் திட்டிவிட்டேன்.

லேத்_மணி
ஹோல்டரிலும் ஸ்பிண்டில் மூக்கிலும் ஒரு சொட்டுப் பெயின்ட் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

டூல்ரூம்_பெரியவர்
பெயின்ட் வைக்கலாம். ஆனால் அந்த 11 மைக்ரான் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடாதீர்கள். வார்ப்பிரும்புத் தூள் கூலன்ட்டோடு சேர்ந்து டேப்பரில் சிமென்ட் மாதிரி ஒட்டும். சுத்தமான துணியை விரலில் சுற்றி உள்ளே துடைத்துப் பாருங்கள். எமரி தாள் மட்டும் வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன்.

கணபதி_விஎம்சி
டேப்பரின் வாய்ப் பக்கம் ஒரு பாதியில் கறுப்பாகத் திட்டு இருந்தது. மரக்குச்சியும் துணியும் வைத்து எடுத்தேன். டெஸ்ட் பார் (ஸ்பிண்டிலைச் சோதிக்கும் நேர்த்தண்டு) மாட்டிப் பார்த்தால் இப்போது ஸ்பிண்டில் 4 காட்டுகிறது. ஆனால் ரீமர் 7 ஆகிவிட்டதே!

டூல்ரூம்_பெரியவர்
ஆகத்தான் செய்யும். 11-க்கு ஈடாக நகர்த்தி வைத்த ஹோல்டருக்கு இப்போது 4-தான் தேவை. மறுபடி திருத்துங்கள். விளிம்புத் திருகுகளை லேசான பிடிப்பில் விடுங்கள். டயலில் உயர்ந்த புள்ளி வரும்வரை ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். எதிர்ப்பக்கத் திருகைத் தளர்த்திய பிறகே அந்தப் புள்ளியை அழுத்துங்கள். தளர்த்தாமல் அழுத்தினால் உடல் வளைந்து, பிடியை விட்டதும் பழைய இடத்துக்கே வரும். டயல் காட்டும் மொத்த வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான விலகல், ஆகவே பாதி அளவே நகர்த்துங்கள். குறுக்கும் நெடுக்குமாக இறுக்கியபின் மறுபடி டயல் பாருங்கள், இறுக்கும்போது ஓரிரு மைக்ரான் ஓடும்.

ஒரு பக்கம் பூஜ்யம் வைத்தால் திருப்பி மாட்டும்போது 8 வரும். இரண்டு பக்கமும் 4 வரும்படி வைத்தால் ஹோல்டரின் குறை மட்டும் நீங்கியிருக்கும். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

கணபதி_விஎம்சி
நான்குக்கு நான்கு வைத்தேன். துளை 12.010, இரண்டு பக்கமும் மாட்டி ஓட்டிப் பார்த்தாயிற்று. பெயின்ட் சொட்டை இரவு ஷிப்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?