சிம் அட்டை மாறியும் எண் மாறாதது எப்படி?

கேள்வி:
பழைய சிம் அட்டையின் தங்க நிறத் தகடு தேய்ந்து போனதால், சென்ற வாரம் கடையில் புதிய அட்டை வாங்கினேன். சில மணி நேரத்தில் அதே எண் அதில் இயங்கத் தொடங்கியது. ஆனால் பழைய அட்டையில் சேமித்திருந்த பெயர்களில் ஒன்றுகூட வரவில்லை. இது ஏன்?

பதில் 1:
உங்கள் பத்து இலக்க எண் உண்மையில் அட்டைக்குள் குடியிருப்பதில்லை. அட்டையில் இருப்பது ஐஎம்எஸ்ஐ எனப்படும் 15 இலக்க அடையாளம். இந்திய அட்டைகளில் அது 404 அல்லது 405 என்று தொடங்கும். எந்த அடையாளத்துக்கு எந்த எண் என்ற கணக்கு நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருக்கிறது. புதிய அட்டை தரும்போது அந்தக் கணக்கைத் திருத்துகிறார்கள், அவ்வளவுதான். பெயர்களோ பழைய அட்டையின் நினைவகத்தில் மட்டுமே இருந்தவை.

பதில் 2:
பெயர்களைச் சேமிப்பது அட்டைக்கு உபரி வேலைதான். அதனுள் 128 பிட் நீளமுள்ள இரகசியச் சாவி ஒன்று உண்டு; அதே சாவியின் நகல் நிறுவனத்திடம் இருக்கும். கைபேசி இணைய முயலும்போது வலையமைப்பு ஏதோ ஓர் எண்ணை அனுப்ப, அட்டை அதைச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. இரு பக்கத்து விடைகளும் ஒத்துப்போனால்தான் இணைப்பு கிடைக்கும். சாவி அட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் பழைய அட்டையை எறிந்துவிடலாமா?

பதில் 1:
பொறுங்கள். சேவை நின்ற அட்டையிலிருந்தும் பெயர்களைப் படிக்க முடியும். தகட்டைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து, வேறொரு கைபேசியில் போட்டுப் பாருங்கள்.