வைக்கோல் செலுலோசை உடைக்க ஒரு உதவி (கொழும்பு)

எல்லாருக்கும் வணக்கம், வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். கம்பஸ் புரொஜெக்டுக்கு வைக்கோல் செலுலோசை நொதியத்தால குளுக்கோசாக்கி, பிறகு ஈஸ்ட் போட்டு எதனோல் எடுக்கப் பாக்கிறம். தும்பு லேசாக் கிடைக்கும்தான், ஆனா அதில லிக்னின் (தாவரத்தை விறைப்பாக்கிற பொருள்) கூட. நொதியம் அதில ஒட்டியே வீணாப்போயிடும்.

வைக்கோலை அரைச்சு, ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில அவிச்சு, காரம் போகக் கழுவியாச்சு. செலுலேசு (செலுலோசை வெட்டுற நொதியம்), ஜீன்ஸ் வெளுக்கிற வாஷிங் பிளாண்ட் ஒண்டில தந்தது. பீஎச் 5, 50 பாகை செல்சியசு. சீனி வந்திட்டோ எண்டு பாக்கிற பெனடிக்ற் சோதனை முதல் நாளும் பச்சை, பிறகும் அதே பச்சை. சீனி கூடினா வாற செங்கட்டிச் சிவப்பைக் காணேல்ல.

எனக்கு செலோபயோசிலதான் (செலுலோசு உடையேக்க இடையில வாற சீனி) சந்தேகம். அது தேங்கினா செலுலேசு மந்தமாகும். அதை ரெண்டு குளுக்கோசா வெட்டுற பீட்டா குளுக்கோசிடேசு இந்த நொதியத்தில குறைவோ? செலுலேசு எடுக்கிற ட்ரைக்கோடெர்மா ரீசியைக்கும் அந்தக் குறை இருக்கு (ரெண்டாம் உலகப்போரில சொலமன் தீவில ஆமிக் கூடாரங்களை அரிச்ச அதே பங்கசு!). இல்லாட்டி இது நடுநிலை பீஎச்சில வேலை செய்யிற வகையாவும் இருக்கலாம், கானில லேபலே இல்லை.

கொழும்பில பீட்டா குளுக்கோசிடேசு சின்ன அளவில எங்க வாங்கலாம்? அஸ்பர்ஜிலஸ் நைஜர் பங்கசு வளத்து அதை எடுத்த ஆக்கள் ஆராவது இருக்கிறீங்களா? பெனடிக்ற் செலோபயோசுக்கும் நிறம் மாறும், அதால குளுக்கோசை மட்டும் மலிவா அளக்க வழி இருந்தாலும் சொல்லுங்கோ. இன்பொக்ஸ் பண்ணினாலும் சரி.